பையன்களும் பையனுடையதும்: பன்மை, உடைமை பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

ஆங்கிலத்தில் பாய்ஸ், பாய்'ஸ், பாய்ஸ்' என்று மூன்று சொற்கள் உள்ளன. முதலாவது பன்மை, பல பையன்கள். இரண்டாவது ஒரு பையனுடைய பொருளைச் சொல்வது. மூன்றாவது பல பையன்களுடைய பொருளைச் சொல்வது. மேலே தூக்கி வைத்த அந்தக் காற்புள்ளியை, அதாவது அபாஸ்ட்ரஃபியை, எடுத்துவிட்டால் மூன்றும் ஒன்றே. காதுக்கும் மூன்றும் ஒன்றுதான். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இந்தப் பாடம் வருகிறது. காதில் ஒன்றாக விழுவதைக் கையால் மூன்றாக எழுத வேண்டும். குழந்தை திணறுவதில் வியப்பில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் வீடுகளில் இந்தத் திணறலுக்கு வேறொரு காரணம் கற்பிக்கப்படுவதுண்டு. "வீட்டுல தமிழ், வெளியில ஹிந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ். மூணையும் போட்டுக் குழப்பினா அது என்ன சார் பண்ணும்? இனிமே வீட்டுலயும் இங்கிலீஷே பேசிடலாம்னு பார்க்கிறோம்" என்று பெற்றோர் சொல்வதை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிற எவரும் கேட்டிருப்பார். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த மாதம் குழந்தையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். பன்மை, உடைமை என்னும் இந்தச் சிறு விஷயத்தில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை வரலாற்றைக் கொண்டு பார்த்துவிடலாம். பார்த்தால், குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியது தமிழை அல்ல என்பது தெரியும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அம்மொழியில் கல்லுக்கு 'ஸ்டான்' என்று பெயர். பல கற்கள் என்றால் 'ஸ்டானஸ்'. கல்லினுடைய என்றால் 'ஸ்டானெஸ்'. ஈற்றில் நின்ற உயிரெழுத்தே பன்மையையும் உடைமையையும் பிரித்துக் காட்டிற்று. நம் மொழியைப் போலவே அங்கும் வேற்றுமைக்கு உருபு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்கு முன்பே தொடங்கிப் பின்னும் சில நூற்றாண்டுகள் இந்தச் சொல்லீறுகள் தேய்ந்துகொண்டே வந்தன. 'அஸ்'சும் 'எஸ்'சும் ஒரே ஒலியாக மழுங்கின. பிறகு அந்த உயிரும் பெரும்பாலான சொற்களில் உதிர்ந்து, வெறும் எஸ் எழுத்து மிஞ்சியது. பன்மைக்கும் அதுவே, உடைமைக்கும் அதுவே. பல வேற்றுமைகளும் பால்களும் இருந்த பெரிய வீட்டில் கடைசியில் ஒரே அறை மிஞ்சி, அதில் இரண்டு குடும்பம் குடியேறிய கதைதான்.

அபாஸ்ட்ரஃபி ஆங்கிலத்தில் பிறந்த குறி அன்று. பிரெஞ்சு அச்சுக்கூடங்களிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தது. எழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. உடைமைச் சொல்லில் பழைய 'எ' விடுபட்டதால் அந்த இடத்திலும் குறியைப் போடத் தொடங்கினார்கள். ஆனால் ஏன் போடுகிறோம் என்பதை அவர்களே மறந்துபோனார்கள்! 'ஹிஸ்' என்னும் சொல் சுருங்கித்தான் இந்த எஸ் வந்தது என்று படித்தவர்களே நம்பினார்கள். ராஜா அவனுடைய புத்தகம் என்பதுபோல் 'கிங் ஹிஸ் புக்' என்று எழுதவும் செய்தார்கள். பென் ஜான்சன் 1605இல் அச்சிட்ட நாடகத்தின் பெயரே 'செஜானஸ் ஹிஸ் ஃபால்' என்பது. அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் 1755இல் இந்த நம்பிக்கையை மறுத்தார். பெண்ணைக் குறிக்கும் சொல்லோடும் இதே எஸ் வருகிறதே, அங்கே 'ஹிஸ்' எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். நம் உரையாசிரியர்கள் கேட்கும் கேள்வியைப் போலவே இருக்கிறது.

பல பேருடைய பொருளைச் சொல்லும்போது எஸ்ஸுக்குப் பின்னால் குறி போடும் வழக்கம் அதற்கும் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டில்தான் அது மெல்ல நிலைபெற்றது. அதே காலத்தில், உயிரெழுத்தில் முடியும் அயற்சொற்களின் வெறும் பன்மைக்கும் சிலர் குறி போட்டு எழுதினார்கள். ஆகவே நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் 'டாக்ஸி'ஸ்' என்று பலகை எழுதுகிறவரைப் பார்த்து நாம் ரொம்பச் சிரிக்க வேண்டியதில்லை. அவர் முந்நூறு ஆண்டு தாமதமாக வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

லோத் பாதிரியார் 1762இல் எழுதிய சிறு இலக்கணமும், லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட பள்ளி இலக்கணமும் பரவிய பிறகே விதிகள் இறுகின. இந்திய அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்று 1835இல் முடிவானபோது, விதி முற்றாகக் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது. அது தேய்ந்த கதையும் மறந்த கதையும் இங்கே வரவில்லை. விதி மட்டும் கப்பலேறி வந்தது. அதைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் பன்மை என்பது பழங்காலத்தில் பெரிய கட்டாயமாக இருந்ததில்லை. மரம், ஆ போன்ற அஃறிணைப் பெயர்கள் ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். ஆ வந்தது என்றால் ஒரு பசு. ஆ வந்தன என்றால் பல. எண்ணிக்கை வினையில் தெரிந்துவிடும். இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். 'கள்' என்னும் ஈறு அஃறிணைப் பெயரோடு வேண்டும் இடத்தில் சேரலாம் என்ற அளவிலேயே தொல்காப்பியர் நிறுத்திக்கொள்கிறார். ஆங்கிலத்தில் ஷீப், டியர் என்னும் சொற்களுக்குப் பன்மையிலும் எஸ் வராது என்பதைக் குழந்தைகள் விதிவிலக்காக உருப்போடுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த வகைச் சொற்களுக்குப் பன்மை ஈறே இருந்ததில்லை. அவை ஆங்கிலத்தின் பால்பகாப் பெயர்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

மக்களைக் குறிக்கும் சொற்களுக்கு அர், ஆர், மார் முதலிய ஈறுகள் தனியே இருந்தன. அரசர் என்றாலே பலர்தான். காலப்போக்கில் 'அர்' மரியாதைக்கு உரியதாகி ஒருவரையே குறிக்கத் தொடங்கியது. அப்போது பன்மையைக் காட்ட அஃறிணைக்குச் சொந்தமான 'கள்'ளை இரவல் வாங்கி அரசர்கள் என்றார்கள். இந்தப் போக்கு திருக்குறளிலேயே தென்படுகிறது. பூரியர்கள், மற்றையவர்கள் என்னும் சொற்களை அங்கே காணலாம். பிறகு 'அவர்கள்' என்பதும் மரியாதைக்குப் போய்விட்டது. இந்த மலரின் வாழ்த்துரைப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒவ்வொரு பெரியவர் பெயருக்கும் பின்னால் ஒரு 'அவர்கள்' நிற்கும். ஆள் ஒருவர்தான்; பன்மை மட்டும் இரட்டிப்பு!

எண்ணுப் பெயர் முன்னால் வந்துவிட்டால் பேச்சில் 'கள்' அநேகமாகத் தேவைப்படுவதில்லை. மூணு புத்தகம் வாங்கினேன், பத்து ரூபாய் குடுத்தேன். டெல்லியில் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தை மனதில் வைத்து 'பத்து ரூபாய்கள்' என்கிறார்கள். ஓட்டலில் போய் 'ரெண்டு இட்லிகள்' என்று கேட்டால் பரிமாறுகிறவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். இது பெரிய பிழை என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் மூன்று புத்தகங்கள் என்பது வழக்கில் ஊன்றிவிட்டது. ஆயினும் பேச்சின் இயல்பு எது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

உடைமை விஷயத்தில்தான் நம் இலக்கணம் உண்மையிலேயே நுட்பமானது. ஆறாம் வேற்றுமையின் உருபு 'அது'. உடைமையை இரண்டாகப் பிரித்தார்கள். சாத்தனது கை என்றால் கை அவனை விட்டுப் பிரியாதது, அது தற்கிழமை. சாத்தனது பசு என்றால் பசுவை விற்கலாம், வேறொருவர் ஓட்டிக்கொண்டும் போகலாம்; அது பிறிதின்கிழமை. பிறகு ஒரு சிக்கல் எழுகிறது. 'அது' என்பதே ஒரு பொருளைச் சுட்டும் அஃறிணைச் சொல். மகனை எப்படி 'அது' என்பது? நம்பி மகன் என்னும் தொகையை விரிக்கும்போது 'அது' போய், அங்கே 'கு' வர வேண்டும், நம்பிக்கு மகன் என்று ஆகும் என்கிறது தொல்காப்பியம். பிற்கால வழக்கில் 'உடைய' என்னும் சொல்லுருபு இந்த இடத்தை எடுத்துக்கொண்டது. எனது பேனா சரி. எனது மகன் என்று எழுதாமல் என் மகன், என்னுடைய மகன் என்றே எழுத வேண்டும் என்று பழைய தமிழாசிரியர்கள் காதைத் திருகிச் சொன்னதன் காரணம் இதுதான். இன்று மேடைக்கு மேடை 'எனது தந்தை' வருகிறது. வழக்காகிவிட்டதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் மனிதர்களைப் பொருளாகச் சொல்லக் கூசிய ஒரு மொழி நமக்கு இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் இன்னொரு செய்தி சொல்கிறது. உடைமைப் பொருள் ஒன்றாக இருந்தால் உருபு அது, ஆது; பலவாக இருந்தால் உருபு 'அ'. எனது கை, எனாது கை என்பன ஒருமை. என கைகள் என்பது பன்மை. அதாவது, உடையவர் ஒருவரா பலரா என்பது இங்கே கணக்கில்லை. உடைமை ஒன்றா பலவா என்பதைப் பார்த்து உருபு மாறுகிறது. 'என கைகள்' என்று இன்று யாரும் எழுதுவதில்லை, பேசுவதுமில்லை. தமிழ்நாட்டுப் பள்ளியில் இந்த இடத்தை நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

இங்கே நிலைமை தலைகீழ். ஹிந்தி பேசும் ஊரில் வளரும் நம் பிள்ளைக்கு இது பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல! ராம் கா பேட்டா, ராம் கே பேட்டே. மகன் ஒருவன் என்றால் கா, பலர் என்றால் கே, பெண்பாலாக இருந்தால் கீ. உடைமையைப் பார்த்து உருபு மாறும் அதே முறை. இரண்டு மொழிகளின் குடும்பம் வேறு, உருபுகள் வந்த வழியும் வேறு. இருந்தாலும் இரண்டையும் அறிந்த குழந்தைக்கு நன்னூலின் அந்த இடம் ஒரு நொடியில் விளங்குகிறது. வெளிமாநில வாழ்க்கை தமிழ் படிக்கத் தடை என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். சில இடங்களில் அது வசதியும்கூட.

ஹிந்தியில் குழப்பமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. லட்கே என்றால் பையன்கள். ஆனால் லட்கே கீ கிதாப் என்றால் ஒரே ஒரு பையனுடைய புத்தகம்! பல பையன்களுடையது என்றால் லட்கோன் கீ கிதாப் என்று மாற வேண்டும். பன்மையும், உருபு ஏற்கத் தயாராகும் ஒருமையும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. பாய்ஸ் கொடுக்கும் தொல்லையின் தங்கைதான் இந்த லட்கே.

தமிழில் அவ்வாறு ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து உட்காராது. பையன் என்பதோடு கள் சேரும், பிறகு உடைய சேரும்: பையன்களுடைய. முதலில் எத்தனை பேர் என்பது, அடுத்து அவர்களுக்கு என்ன உறவு என்பது. வரிசை மாறாது, ஒன்று மற்றதை விழுங்காது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். சமஸ்கிருதம், லத்தீன் போன்ற மொழிகளில் ஒருமைக்கு ஓர் உருபும் பன்மைக்கு வேறோர் உருபும் உண்டு. திராவிட மொழிகளிலோ பன்மை ஈற்றின் பின்னால் ஒருமைக்கு உரிய அதே உருபே வந்து ஒட்டிக்கொள்கிறது. ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

தமிழுக்கென்றும் சில முடிச்சுகள் உண்டு. வீடு, வீட்டுக் கதவு. மரம், மரத்துக் கிளை. ஆறு, ஆற்று நீர். உருபு வெளியே தெரியாமல் சொல்லின் உடம்பே மாறி உடைமையைச் சொல்கிறது. மரம் என்பது மரத்து என்று ஆவது 'அத்து' என்னும் சாரியையால். வீடு, ஆறு போன்றவற்றில் ஒற்று இரட்டிக்கிறது. பன்மையில் இந்த மாற்றம் இல்லை: வீடுகள், ஆறுகள். எனவே 'வீட்டுகள்' என்று எழுதும் குழந்தையிடம், "வீட்டுன்னா ஏற்கெனவே வீட்டினுடைய என்று ஆகிவிட்டதே, அப்புறம் கள் எங்கே சேரும்?" என்று கேட்டால் போதும். பேச்சில் இன்னொன்று: ராமனோட புத்தகம், ராமனோட போனேன். முதலாவது 'உடைய' தேய்ந்த 'ஓட'. இரண்டாவது ஓடு என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு. தேய்மானத்தால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஸ்டானஸ், ஸ்டானெஸ் கதை நம் வாயிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

இனி வகுப்புக்கு வருவோம். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்தைத் தமிழ் வகுப்பில் ஏன் தொட வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தொடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் எஸ் என்று முடியும் பெயர்ச்சொல் வந்தவுடன் குழந்தை அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். 'தி பாய்ஸ் ஆர் ப்ளேயிங்': பையன்கள் விளையாடுகிறார்கள். 'கள்' மட்டுமே வந்தது, குறி வேண்டாம். 'தி பாய்ஸ் பேக்': பையனுடைய பை. 'உடைய' வந்தது, குறி வேண்டும். எங்கே போடுவது என்பதற்கும் தமிழே வழி சொல்கிறது. 'உடைய'வுக்கு முன்னால் நிற்கும் சொல் எதுவோ அதை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதி முடித்துவிட்டு உடனே குறியைப் போட வேண்டும். முன்னால் நிற்பது பையன் என்றால் பாய் என்று எழுதிக் குறி, பிறகு எஸ். முன்னால் நிற்பது பையன்கள் என்றால் பாய்ஸ் என்று முடித்துவிட்டுக் குறி. இன்னொரு எஸ் வேண்டியதில்லை. குழந்தைகளுடைய என்றால் சில்ரன் என்பதே பன்மையாக முடிந்துவிட்டது; குறி போட்டு எஸ். பள்ளிப் புத்தகத்தில் மூன்று தனி விதிகளாக வருவது இங்கே ஒரே விதிக்குள் அடங்கிவிடுகிறது. 'கள்'ளும் 'உடைய'வும் வீட்டுப் பேச்சில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் குழந்தைக்குத்தான் இது கைகொடுக்கும். வீட்டில் தமிழை நிறுத்திவிட்ட குழந்தையிடம் இந்த உரைகல்லே இராது.

'இட்ஸ்' என்ற ஒன்று மட்டும் இதற்குள் அடங்காது. அதனுடைய என்று பொருள் வந்தாலும் குறி கிடையாது; 'இட் இஸ்' என்பதன் சுருக்கத்துக்கே குறி. ஹிஸ், ஹெர், அவர் என்னும் சொற்களுக்குக் குறி உண்டா? இல்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இட்ஸ் என்று சொல்லி வைக்கலாம். அதற்கு மேலும் தவறு செய்கிற குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே அதனுடைய என்னும் பொருளில் குறி போட்ட 'இட்'ஸ்' இருக்கிறது. அக்காலத்தில் அப்படி எழுதுவோர் பலர்.

ஆங்கிலத்துக்கு உதவுவது ஒரு புறம் இருக்கட்டும். நம் பிள்ளைகளிடம் நழுவிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்க் குழந்தை 'எங்க அம்மா' என்றுதான் சொல்லும். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத ஒற்றைக் குழந்தையானாலும் எங்க அம்மா, எங்க வீடு, எங்க தாத்தா. உடைமையில் ஒரு பன்மை. அம்மா தனக்கு மட்டும் உரியவள் அல்லள், ஒரு வீட்டுக்கே உரியவள் என்பதுபோல. ஆங்கிலத்தின் 'மை மதர்' காதில் ஏறியபின் பிள்ளைகள் 'என் அம்மா' என்கிறார்கள். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. சிவப்பு மையால் அடிக்கவும் முடியாது. ஆனால் ஊரிலிருந்து வந்த பாட்டி அதைக் கேட்டு, "ஏண்டா, எங்க அம்மான்னு சொல்ல மாட்டியா?" என்று கேட்பாள். ஏன் என்று அவளாலும் விளக்க முடியாது.

அதைவிட முக்கியமானது எங்க, நம்ம என்னும் வேறுபாடு. கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் எங்க, சேர்த்துக்கொண்டால் நம்ம. ஆங்கிலத்தின் 'அவர்', ஹிந்தியின் 'ஹமாரா' இரண்டிலும் இந்தப் பிரிவு இல்லை. அதனால் பிள்ளைகள் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அம்மாவிடமே 'எங்க வீட்டுச் சாவி எங்கே?' என்று கேட்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அம்மா சிரித்துக்கொண்டே, "அப்போ நான் யாரு, பக்கத்து வீடா?" என்றார். இதற்கு வகுப்பில் சூத்திரம் கற்பிப்பதைவிட, அவ்வப்போது அந்த அம்மாவைப்போல் சிரித்துத் திருத்துவது மேல்.

கடைசியாக, நம் அடுக்கக வாசல்களில் இருக்கும் பெயர்ப்பலகைகள். தி ஐயர்'ஸ், தி பிள்ளை'ஸ் என்று பித்தளையில் குறியோடு பொறித்து வைத்திருப்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஐயர் குடும்பத்தார் என்று சொல்ல வந்தால் அது பன்மை, குறி கூடாது. ஐயர் குடும்பத்தாருடைய வீடு என்று சொல்ல வந்தாலோ குறி எஸ்ஸுக்கு அப்புறம் போக வேண்டும். வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகக் கொடுத்தபோது, பலகையைத் தமிழில் எப்படி எழுதுவாய் என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். சற்று யோசித்து 'ஐயர் வீடு' என்று எழுதினாள். கள்ளும் இல்லை, உடையவும் இல்லை. இரண்டு சொல்லை அருகருகே வைத்ததுமே உருபு மறைந்து நிற்கிறது. ஆறாம் வேற்றுமைத்தொகை என்ற பெயரை அடுத்த வாரம் சொல்லிக்கொடுத்தேன்.